தையல் மெஷினில் மாட்டிய ஸ்டீரிங்

என் செல்லத் தம்பி பிரபுவுக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்தேன். நீ போய்ப் பதினோரு மாதமாகிறது, உன்னிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இது அழுவதற்காக எழுதும் கடிதம் இல்லை. பயத்தில் எழுதுகிறேன். போன சனிக்கிழமை மத்தியானம் உன் காரை எடுத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை தர்ஷினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ரோட்டின் தப்பான பக்கத்தில் போனேன். எதிரே முட்டை லாரி வந்தது.

பதறாதே. நானும் உன் மருமகளும் உயிரோடுதான் இருக்கிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு இன்னும் நேராக எழுத வரவில்லை. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இதை வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். லைசென்ஸைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வண்டியைத் தொடாமல் இருக்கிற அக்கா இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

அந்த ஸ்டீரிங் பெட்டியோடு நீ வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ரிக் லாரியில் எட்டு மாதம் ஒடிசாப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் வண்டியை விட்டுவிட்டு, நேராகச் சேந்தமங்கலத்துக்கு என் வீட்டுக்கு வந்தாய். துணி மூட்டையை விடப் பெட்டிதான் பெரிதாக இருந்தது. நீயும் தர்ஷினியும் முன்பே டிவியில் ஒரு கார் பந்தய ஆட்டம் ஆடுவீர்களே, அதே கம்பெனிக்காரன் விட்ட புது ஸ்டீரிங். ஒரு வட்டம், மூன்று பெடல், ஒரு கியர் கம்பி. கையில் பிடிக்கிற ரிமோட்டுக்குப் பதில் இதை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்குள்ளேயே இதற்கென்று செய்த ஓர் ஆட்டத்தையும் வைத்திருந்தான், தனியாகக் கடையில் கிடைக்காதாம்.

பந்தய ஆட்டத்தில் இருந்த அதே மலை, அதே பாலம், அதே ஊர்கள்தான் இதிலும். ஆனால் பந்தயம் கிடையாது. லாரியில் லோடு ஏற்றி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பழைய ஆட்டத்தில் பறந்து பறந்து ஜெயித்த கார்கள் எல்லாம் இதில் ஹாரன் அடித்து நம்மைத் தாண்டிப் போகிற தொந்தரவுகள். தர்ஷினி இதற்குக் குட்டி ஆட்டம் என்று பெயர் வைத்தாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்டா, எட்டு மாசம் லாரி ஓட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்தும் லாரியாடா?"

"அக்கா, இதுல டீசல் தீராது, செக்போஸ்ட் கெடையாது, மேனேசர் போன் பண்ண மாட்டான். இது சொர்க்கம்க்கா."

ஸ்டீரிங்கை மாட்ட நல்ல கெட்டியான பலகை வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினாய். கடைசியில் என் தையல் மெஷினில்தான் அது நச்சென்று உட்கார்ந்தது. அன்றைக்குத் தைக்க வேண்டிய மூன்று ஜாக்கெட்டும் அப்படியே கிடந்தன. கியர் கம்பியை மட்டும் நம்மூர் லாரி மாதிரி இடது கைப் பக்கம் மாட்டினாய்.

பிறகு ஓட்டினாயே ஓர் ஓட்டு! பத்து வருஷமாக லாரி ஓட்டுகிறவன், ஒரு லோடைக்கூட ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எதிரே வருகிற அத்தனை வண்டியிலும் மோதினாய். டிவி சிவப்பாகும், ஸ்டீரிங் கடகடவென்று ஆடும், ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதட்டும். வேலை விட்டு வந்த உன் மச்சான் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று வேடிக்கை பார்த்தார். "மாப்ள, இத வீடியோ எடுத்து உங்க மொதலாளிக்கு அனுப்பட்டுங்களா?" என்று அவர் கேட்டதற்கு நீ திரும்பாமலே சிரித்தாய். "எனக்கு இது போதுமுங்க மச்சான்." அவ்வளவுதான் சொன்னாய். ஒவ்வொரு லீவிலும் வந்தாய், ஒவ்வொரு லீவிலும் தோற்றாய். மதிப்பெண் பட்டியலில் உன் பெயர் எப்போதும் அடியில்தான் கிடந்தது.

அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன் மச்சானிடம்கூட. சித்திரை வெயில், காலை பதினோரு மணி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாய். முகமெல்லாம் வேர்வை. அவர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் இருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், கிளம்பிவிட்டது என்றார்கள். உன் கார் வாசல் களத்தில் நின்றது. "அக்கா, நீ எடு, நான் பக்கத்துல ஒக்காந்து சொல்றேன்" என்றாய்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது, பிரபு. கல்யாணமான புதிதில் எடுத்தது. மூன்று தடவை சாவியைத் திருப்பினேன், மூன்று தடவையும் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. கிளச்சை எப்போது விடுவது என்றே எனக்கு நினைவு வரவில்லை. நான்காவது தடவை நீ இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, என்னை நகரச் சொன்னாய்.

நாமக்கல் ரோட்டில் பாதி தூரம் நீயே ஓட்டினாய். பிறகு இண்டிகேட்டர் போட்டு, ரோட்டோரம் இடது பக்கம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சாய்ந்தாய். ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது அந்த மஞ்சள் விளக்கு இன்னும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் காதில் விழுகிறது. அன்றைக்கு நான் மட்டும் ஓட்டியிருந்தால்? டாக்டர் அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்றார். நினைக்காமல் எப்படி இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எட்டு மாதம் அந்தக் காரின் கதவைக்கூட நான் தொடவில்லை. உன் மச்சான் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வைப்பார், நான் உள்ளே போய்விடுவேன். மார்கழிப் பனியில் தர்ஷினிக்கு மூச்சிளைப்பு வந்தது. சின்ன வயதில் இருந்ததுதான், விட்டுப்போனது என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு அவர் வீட்டில் இருந்ததால் தப்பித்தோம். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உறிஞ்சுற மருந்துக்கு அடங்கலைன்னா வீட்டுல வச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க. வாசல்ல கார் நிக்குதுல்ல, உடனே கொண்டு வந்துருங்க."

வாசலில் கார் நிற்கத்தான் செய்தது.

உன் மச்சான் சொல்லித்தருகிறேன் என்றார். உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் அவர் இருந்தாலும் எனக்கு நீதான் தெரிந்தாய். உள்ளங்கை வேர்த்து ஸ்டீரிங்கில் வழுக்கியது. இறங்கி ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்குள் தையல் மெஷினில் உன் ஸ்டீரிங் மாட்டினபடியே இருந்தது. கழற்ற எனக்கு மனசு வராமல் விட்டு வைத்திருந்தேன். அதில் உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. இதில் யாரும் சாக மாட்டார்கள் அல்லவா?

மூன்று மாதம் ஓட்டினேன், தம்பி. அவர் பட்டறைக்கும் இவள் பள்ளிக்கூடத்துக்கும் போனதும் உட்கார்ந்துவிடுவேன். கிளச் எப்போது, கியர் எப்போது, மேட்டில் நிறுத்தினால் எப்படிக் கிளப்புவது, எல்லாம் வந்தது. அம்புக்குறி காட்டிய வழியில் போனேன், எல்லா வண்டியும் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே போனேன். சிவப்பு வந்தால் தப்பு, வராவிட்டால் சரி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாசி மாதம் ஒரு நாள் தக்காளி லோடு ஒன்றைக் கீறலில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பட்டியலில் என் பெயர் உச்சியில் வந்து நின்றது. உன் பெயர் கீழே. "பாத்தியாடா, உன்னய ஜெயிச்சுட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த தர்ஷினி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தைரியத்தில் காரில் ஏறினேன். களத்திலிருந்து தார் ரோடு வரை தோட்டத்து வண்டிப்பாதையில் முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை. ஒரு வண்டி போகிற அகலம்தானே அந்தப் பாதை, அதில் இடது ஏது, வலது ஏது? வண்டி நிற்காமல் போனது. நான் ஓட்டப் பழகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, பக்கத்துத் தோட்டத்தில் மக்காச்சோளம் மெஷினில் போட்டு அடித்தார்கள். தூசி எல்லாம் நம் வாசலுக்கு வந்தது. நான் கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தர்ஷினிக்கு விசில் மாதிரி மூச்சு வர ஆரம்பித்தது. மருந்தை உறிஞ்ச வைத்தேன். அடங்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கொடுத்தேன். உதட்டோரம் நிறம் மாறியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அவருக்குப் போட்டேன், "நான் கெளம்பிட்டேன், நீ பயப்படாத" என்றார். பட்டறையிலிருந்து அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? களத்தில் கார் நின்றது. அதே கார், அதே இடம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை என்று எழுதினால் அது பொய். கை ஓடியது. சாவியை எடுத்தது, அவளைத் தூக்கி உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டியது, முதல் தடவையிலேயே வண்டியைக் கிளப்பியது. பாதை முடிந்து தார் ரோடு வந்தது. நாமக்கல்லுக்கு வலது கைப் பக்கம் திரும்ப வேண்டும். குட்டி ஆட்டத்தில் நூறு தடவை திரும்பினது போலவே ஒட்டித் திரும்பினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஏற வேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை. இரண்டாவது கியர் போட்டேன், மூன்றாவது போட்டேன். நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது, பிரபு.

எதிரே லாரி வந்தது. அவன் ஏன் நான் போகிற பக்கத்தில் வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

ஹாரன், பிரேக் சத்தம், அடுக்கடுக்காக முட்டை அட்டைகள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனுஷனின் திறந்த வாய். நானும் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. லாரியின் பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் என் கண்ணாடிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்வோமே, எனக்குப் போனது திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

டிரைவர் குதித்து இறங்கினார்.

"ஏனுங்கம்மா, எந்தப் பக்கம் வாரீங்க? கண்ணு தெரியலீங்களா? சாவறதுன்னா தனியாப் போயிச் சாவுங்க, கூட ஒரு புள்ளைய எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?"

கோபத்திலும் ஒரு 'ங்க' விடவில்லை அவர். அப்போதுதான் அவர் தர்ஷினியைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் தோளில் இருந்த துண்டை உருவி, நடு ரோட்டில் நின்று, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். "பின்னால எடுங்கம்மா. மெதுவா. இப்ப அப்படியே அந்தப் பக்கம் ஏறுங்க. லெஃப்டுங்கம்மா, லெஃப்டு. ஒன்னும் ஆகாது, போங்க சாமி."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மீதி ரோட்டை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் உன் மருமகளைத்தான் கேட்க வேண்டும். வளைவு வரும்போதெல்லாம் அவள் "லெஃப்ட்மா" என்றாள். ஒரு மூச்சுக்கே தவிக்கிற குழந்தை, இருக்கிற மூச்சை எல்லாம் எனக்கு வழி சொல்வதில் செலவு பண்ணினாள். "பேசாத சாமி, பேசாத" என்று கத்தினேன். அடுத்த வளைவில் என் கை வலது பக்கம் போனது. "லெஃப்ட்மா." நீ சாய்ந்த இடத்தையும் தாண்டித்தான் போனோம். அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பார்த்தால் நான்தான் எப்போதோ போட்டு விட்டு அணைக்காமல் இருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் விசில் நின்றது. உன் மச்சான் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். பிறகு, "மொதல்ல ஊட்டுக்குப் போயி அந்தச் சனியனக் கழட்டிப் பரண்ல போடறேன்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அப்போது தர்ஷினி முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"மாமாவுக்கு ஓட்டத் தெரியாம தோக்கலைம்மா. வேணும்னேதான் தோத்தாங்க."

"என்ன சாமி சொல்ற?"

"அந்த ஆட்டத்துல எல்லாரும் ரைட்ல போவாங்க. அது வெளிநாடு. மாமா மட்டும் லெஃப்ட்லயே ஓட்டுவாங்க, அதான் எல்லாத்துலயும் இடிக்கும். ஏன் மாமான்னு கேட்டேன். 'ஜெயிக்கறதுக்குன்னு ரைட்ல ஓட்டுனா கை பழகிரும் சாமி. அப்பறம் ரோட்டுல போயி ஆரையாச்சும் கொன்னுபோடுவேன்'னு சொன்னாங்க."

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் அல்லவா உன்னைக் கேலி பண்ணிச் சிரித்தவர்கள்?

"இத ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?"

அவள் முகமூடிக்குள் இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடியும் அதைத் தூக்கினாள்.

"நீ ஜெயிச்சப்பத்தான சிரிச்ச. மாமா போனதுக்கப்பறம் நீ சிரிச்சதே அப்பத்தான்."

பத்து வயதுக் குழந்தை, தம்பி. அம்மா சிரிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? அக்கா என்றைக்காவது வண்டி எடுப்பாள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றுகிற மாதிரி நான் எப்போது நடந்துகொண்டேன்? கேலி பண்ணினபோதாவது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குக்கூடத் தப்பான பக்கம் போக மாட்டேன் என்று இருந்தவனை, ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டே அனுப்பிவிட்டேன்.

இப்போது என் பயம் இதுதான். நின்று யோசித்தால் இடது எது, வலது எது என்று எனக்குத் தெரிகிறது. யோசிக்க நேரமில்லாதபோது இந்தக் கை எந்தப் பக்கம் போகும்? மூன்று மாதம் நானே உட்கார்ந்து அதற்குத் தப்பைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நேற்று மாவு அரைக்க நடந்து போகும்போதுகூட, எதிரே பைக் வந்ததும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் ரோட்டில் நின்றுவிட்டேன். உன் மச்சான் இனி வண்டியையே தொடாதே என்கிறார். அவர் பயம் அவருக்கு. ஆனால் மக்காச்சோளம் இன்னும் நான்கு தோட்டத்தில் அடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டவும் பயமாக இருக்கிறது, ஓட்டாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்தில் எந்தப் பயத்தோடு பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது?

ஸ்டீரிங்கைப் பரணில் போட நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் பெயரில் இருந்த மதிப்பெண் எல்லாவற்றையும் அழித்தேன். தக்காளி லோடும் போயிற்று. புதிதாக ஆரம்பித்து, உன்னைப் போல இடது பக்கமாகவே ஓட்டினேன். முதல் பாலத்திலேயே இரண்டு காரில் மோதினேன். டிவி சிவப்பானது, அந்தப் பெண் அதட்டினாள், தையல் மெஷினே ஆடியது. தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படித்தாம்மா, அப்படித்தான்" என்றாள். மூன்று நாளாக ஒரு லோடுகூடப் போய்ச் சேரவில்லை. பட்டியலில் இப்போது உனக்கும் கீழே கிடக்கிறேன். எவ்வளவு நாளானாலும் சரி, சிவப்பு வந்தாலும் கை இடது பக்கத்தை விட்டு நகராமல் இருக்கிற வரைக்கும் தோற்றுக்கொண்டே இருக்கப் போகிறேன்.

நாளைக் காலை இவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், உன் மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உன் காரை எடுக்கிறேன். அவரிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். தார் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறி, நீ ஒதுக்கின இடத்தில் இண்டிகேட்டர் போட்டு, உன்னைப் போலவே ஒதுக்கி நிறுத்துவேன். அங்கே இறங்கி அழ மாட்டேன். மறுபடியும் கிளப்பி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்புவேன். தினமும் போவேன். இவளுக்கு இனி ஒரு தரம் மூச்சு இழுக்கிற நாளில், இவள் எனக்கு வழி சொல்ல ஒரு மூச்சுக்கூட வீணாக்கக் கூடாது. இது உன் மேல் சத்தியம்.

அன்றைக்கு உனக்காக ஓட்டத் தெரியாமல் போன,
இன்றைக்கு உன் பக்கமாகவே ஓட்டப் பழகுகிற,
உன் அக்கா
தேவகி